டென்ஷன்: தறியில், ரத்தக்குழாயில், மனசில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவன். சோமனூர்ப் பக்கம் வீடு. வீட்டோடு சேர்ந்து தறி ஓடுகிறது. மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதனால் டென்ஷன் பற்றிய கேள்விகள் எங்கள் திண்ணைக்குப் பல பக்கமிருந்தும் வந்து சேரும். பசங்க கணக்கோடு வருவார்கள், தறிக்காரர்கள் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) அறுகிறது என்று வருவார்கள், அக்கம்பக்கத்தார் மாத்திரைச் சீட்டோடு வருவார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருத்துவம் சம்பந்தப்பட்டதை மனைவி படித்துத் திருத்தியிருக்கிறார். வருகிறவர்களிடம் நாங்கள் அதிகம் பார்க்கும் குழப்பம், மனசில் இருக்கும் டென்ஷனையும் கையில் பட்டை கட்டி அளக்கும் பிரஷரையும் ஒன்றென்று நினைப்பது. அதனால் அதில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்க அப்புச்சிக்கு (தாத்தாவுக்கு) டென்ஷனே கிடையாதுங்க. தோட்டம், மாடு, தூக்கம், அவ்வளவுதான். அவருக்கு எப்படிங்க பிரஷர் வரும்?

தாராளமாக வரும். ரத்தம் குழாய்ச் சுவரை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதுதான் பிரஷர். வயது ஏற ஏறக் குழாய்ச் சுவர் விறைத்துப்போகும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். அப்புறம் உப்பு, உடல் எடை, சரக்கு, உட்கார்ந்தே இருப்பது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்ன ஒன்றால்தான் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. சாந்தமான ஆளுக்கும் வரும், எரிந்து விழுகிற ஆளுக்கும் வரும்.

பெரும்பாலும் அறிகுறியே இருக்காது என்பதுதான் இதில் வில்லங்கம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் முழுக்க 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 'எனக்குத்தான் எந்தக் கவலையும் இல்லையே, எதுக்கு அதெல்லாம்' என்று கையை நீட்டாமலே இருக்கும் அப்புச்சிகளை நினைத்துத்தான் என் மனைவிக்குப் பயம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது அப்புச்சியைத் தோட்டத்துக்கு ஓடவிடாமல் பிடித்து உட்கார வையுங்கள்.

சரி, டென்ஷன் ஆனால் பிரஷர் ஏறுமா, ஏறாதா?

ஏறும். சமாச்சாரம் முடிந்ததும் இறங்கிவிடும். ஆபத்து என்று தோன்றியதும் அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமாக அடித்து, 'சண்டை போடு, இல்லை ஓடு' என்று உடம்பு தயாராவதை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இல் எழுதினார். கடன்காரர் வாசலில் வந்து நின்றாலும் அதேதான் நடக்கும்.

நாள்பட்ட கவலை, நாள்பட்ட பிரஷராக மாறுமா என்றால் அவ்வளவு நேரான பாதை இல்லை. பெரும்பாலும் சுற்றிக்கொண்டு வருகிறது: கவலையில் தூக்கம் போகும், பீடியும் சரக்கும் கூடும், நடப்பது நிற்கும், எடை ஏறும். அதனால் 'டென்ஷனைக் குறைத்துக்கொண்டால் பிரஷர் தானாகப் போய்விடும், மாத்திரை வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் 150 காட்டுகிறது, வீட்டில் 130 காட்டுகிறது. எதை நம்புவது?

வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஏறுகிற ஆட்கள் உண்டு. இப்படி இடத்துக்கு இடம் மாறினால் ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டாமல், வெவ்வேறு நாட்களில் எடுத்துத்தான் டாக்டர் சொல்வார். ஆஸ்பத்திரியில் 140/90-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். வீட்டு அளவுக்குக் கோடு 135/85. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2017-இல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கின. நம் ஊரில் பொதுவாக 140/90-தான் புழக்கத்தில் இருக்கிறது.

எந்திரத்தைவிட எடுக்கும் விதத்தில்தான் தப்பு அதிகம். பஸ்ஸை விட்டு இறங்கி வேகவேகமாக நடந்து வந்து, மூச்சு வாங்கியபடியே கையை நீட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, காபி, பீடி வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தால் போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், காலைக் குறுக்கே போட வேண்டாம், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக் கைமேல் கட்டாமல் வெறும் கையில் கட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த ஒரு நிமிடம் மருமகளைப் பற்றிப் பேசாதீர்கள். பேச்சே எண்ணை ஏற்றும்; பொருள் வேறு அப்படி.

சார், தேர்வுக்கு: டென்ஷன் என்றால் என்ன? தறியில் சொல்வதும் அதுதானா?

அதேதான். கயிறு, நூல், கம்பி எதையாவது இரண்டு பக்கமும் இழுத்தால், அதன் நீளம் முழுக்கக் கடந்துபோகும் இழுவிசைதான் டென்ஷன். அலகு நியூட்டன். 50 கிலோ மூட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டால் கயிற்றில் ஏறக்குறைய 490 நியூட்டன். கயிறு இழுக்க மட்டும்தான் செய்யும், தள்ளாது. தேர்வில் அம்புக்குறியைத் தப்பாகப் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்தால் போதும்.

தறியில் பாவு தொய்வாக இருந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போக வழி சுத்தமாகத் திறக்காது. இறுக்கிவிட்டால் இழை அறும். பழைய விசைத்தறியில் பாவு சுற்றிய உருளையான பீமின் கழுத்தில் சங்கிலியோ கயிறோ சுற்றி எடை தொங்கவிட்டிருப்பது இதற்குத்தான். பாவில் 3,000 இழை, இழைக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டாலே மொத்தம் 60 கிலோ இழுவை வந்துவிடும். பீமில் நூல் தீரத் தீர அதன் விட்டம் குறையும். எடையை அப்படியே விட்டால் இழுவை ஏறிக்கொண்டே போகும். அதனால் ஓட்டுகிறவர் நடுநடுவே வந்து எடையைக் குறைப்பார்.

சின்னக் குறிப்பு: பருத்தி நூல் ஈரப்பதத்தில் பலம் கூடும். வெயில் காலத்தில் ஷெட் தரையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தறிக்காரர் குளிர்ச்சிக்கு என்பார். நூலுக்கும் சேர்த்துத்தான்.

கொடிக்கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினாலும் ஏன் தொய்கிறது? ஒருநாள் ஆணியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

இழுத்துக் கட்டியதால்தான் பிடுங்கியது! இரண்டு ஆணிக்கும் நடுவே 4 மீட்டர் என்று வையுங்கள். நடுவில் 10 கிலோ எடையுள்ள ஈர ஜமுக்காளம். கயிறு நடுவில் அரை மீட்டர் தொய்ந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 21 கிலோ எடைக்குச் சமமான இழுவை. தொய்வை 17, 18 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் அது 57 கிலோ ஆகிவிடும். தூக்கிப் பிடிக்கும் வேலையைக் கயிற்றின் சரிவுதான் செய்கிறது. சரிவு குறையக் குறைய அதே பத்து கிலோவைத் தூக்க இழுவை பல மடங்கு வேண்டும். கொஞ்சம்கூடத் தொய்யாமல் கட்ட வேண்டும் என்றால் கணக்குப்படி முடிவிலா விசை வேண்டும். பவானி ஜமுக்காளம் காயப்போடுகிற வீடாக இருந்தால் கொடி தொய்ந்தே இருக்கட்டும்.

மின்கம்பிகளும் இதனால்தான் தொங்குகின்றன. கட்டுகிறவர்கள் சோம்பல்பட்டு விட்டது இல்லை. குளிரில் கம்பி சுருங்கும். தொய்வு விடாமல் கட்டியிருந்தால் மார்கழி விடியலில் இழுவை எகிறும். சித்திரை வெயிலில் கம்பி நீண்டு இன்னும் கீழே இறங்கும்.

தோட்டத்துக்கு மேலே போகிற எச்.டி. (ஹை டென்ஷன்) லைனும் இந்த டென்ஷன்தானா?

இல்லைங்க. அங்கே டென்ஷன் என்றால் மின்னழுத்தம், அதாவது வோல்ட் கணக்கு. சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வரும் நேர்மின்சாரத் தடம் 800 கிலோவோல்ட். அதன் கம்பியில் இரண்டு டென்ஷனும் உண்டு: ஒன்று கோபுரத்தை இழுக்கிறது, மற்றது மின்சாரத்தைத் தள்ளுகிறது. கோபுரம் நடப்பட்ட தோட்டக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் இழப்பீடு கேட்டு நடந்த போராட்டங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திருப்பூரில் தையல் வேலை. மேலே தையல் அழகாக விழுகிறது, துணிக்கு அடியில் மட்டும் நூல் வளையம் வளையமாக வருகிறது. பாபினை மாற்றியும் சரியாகவில்லை.

அடியில் வளையம் வந்தால் பெரும்பாலும் தப்பு மேல்நூலில், பாபினில் இருக்கும் அடிநூலில் இல்லை. மேல்நூல் தளர்ந்திருக்கிறது, டென்ஷன் நட்டைக் கொஞ்சம் முடுக்குங்கள். அதற்கு முன் பாபின் கேஸைச் சோதியுங்கள்: பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை லேசாகச் சுண்டுங்கள். கேஸ் கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. கடகடவென்று இறங்கினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம்.

மருந்தடிக்கும்போது சோப்புத் திரவம் கலக்கச் சொல்கிறார்கள். அதுவும் டென்ஷனாமே?

பரப்பு இழுவிசை. தண்ணீரின் மேற்பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். துளி உருண்டையாக நிற்பது அதனால்தான். சின்ன வெங்காயத்தாள் மெழுகு பூசியது போல இருக்கும். அடித்த மருந்து உருண்டு மண்ணில் விழுந்துவிடும். ஒட்டுத் திரவம் கலந்தால் இழுவிசை பாதி அளவுக்கு இறங்கி, துளி பரவி ஒட்டும். கடைக்காரர் கூடுதலாக ஒரு பாட்டில் தள்ளிவிடுகிறார் என்று சந்தேகப்பட வேண்டாம், வெங்காயத்துக்கு அது தேவைதான்.

இதே சங்கதி பச்சைக் குழந்தையின் உயிரையும் பிடித்து நிறுத்துகிறது. நுரையீரலின் குட்டிக் காற்றறைகளுக்குள் ஒரு ஈரப்படலம் இருக்கிறது. அதன் இழுவிசை அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். அதைக் குறைக்க நுரையீரலே சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு வரும். ரொம்பவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறுவது இந்தப் பொருள் போதாததால்தான் என்று மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் என்ற இருவர் 1959-இல் காட்டினார்கள். இப்போது அந்தப் பொருளையே மருந்தாக மூச்சுக்குழாய்க்குள் விடுகிறார்கள்.

அப்படியானால் ரத்த அழுத்தத்துக்கும் கயிற்றின் இழுவிசைக்கும் சம்பந்தமே இல்லையா?

உண்டு, குழாய்ச் சுவரில். உள்ளே அழுத்தம் இருந்தால் சுவர் சுற்றுவாக்கில் இழுபடும். அந்த இழுவிசை அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வரும். லாப்லாஸ் விதி என்று பெயர். தோட்டத்து ஓஸ் பைப்பில் ஒரே ஓர் இடம் புடைத்திருந்தால் அங்கேதான் வெடிக்கும், கவனித்திருப்பீர்கள். தண்ணீரின் அழுத்தம் பைப் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். புடைத்த இடத்தில் ஆரம் பெரிது, ரப்பரும் மெலிந்திருக்கும். பெருந்தமனியில் வரும் வீக்கமும் அப்படித்தான்: பெரிதாகப் பெரிதாக வெடிக்கும் அபாயம் கூடும். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதில் இந்தச் சுவரைக் காப்பாற்றுவதும் அடங்கும்.

ஒரு கொசுறு. ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் இதை வெளியிட்டார். 120 பிரஷர் உள்ள ஆளுக்கு அப்படிச் செய்தால் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஏறும். நல்லவேளை, 1896-இல் ரிவா-ரோச்சி கைப்பட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்.

சாயங்காலமானால் தலையைச் சுற்றிப் பட்டை கட்டினது போல வலிக்கிறது. பிரஷராக இருக்குமோ?

அநேகமாக டென்ஷன் தலைவலி. தலைவலிகளிலேயே அதிகம் பேருக்கு வருவது இதுதான். இரண்டு பக்கமும் அழுத்தும், விண்விண் என்று தெறிக்காது, நடந்தால் வலி அதிகமாகாது. அரை மணி நேரத்தில் இருந்து ஒரு வாரம் வரை நீடிக்கும். ஒரு பக்கமாகத் தெறித்து, குமட்டி, வெளிச்சமே பிடிக்கவில்லை என்றால் ஒற்றைத் தலைவலிப் பக்கம் யோசிக்க வேண்டும். பிரஷர் ஓரளவு கூடியிருந்தால் பொதுவாகத் தலை வலிக்காது. ரொம்பவும் எகிறினால் வலிக்கலாம். சந்தேகமே வேண்டாம் என்றால் ஒருதரம் அளந்துவிடுங்கள்.

கழுத்து, நெற்றிப்பொட்டு, தாடைத் தசைகள் தொட்டால் வலிக்கிற நிலையில் பலருக்கும் இருக்கும். தறிச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும்; அதில் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை செய்வது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. தினமும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவதுதான் மோசம். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையாலேயே தலைவலி நாள்பட்டதாகிவிடலாம்.

திடீரென்று இடி விழுந்தது போல வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பையன் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் பிளஸ் டூ படிக்கிறான். கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தான் மார்க் வரும் என்கிறார்கள். நிஜமா?

இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் எழுதிய ஆய்வு. அதில் பாடம் படித்தவை எலிகள், டென்ஷன் என்பது மின்அதிர்ச்சி. சுலபமான வேலையில் அதிர்ச்சி கூடக் கூட எலி வேகமாகக் கற்றது. கஷ்டமான வேலையில் மிதமான அதிர்ச்சிக்கு மேல் போனதும் கற்பது மந்தமானது. இதை அப்படியே ஹாஸ்டலுக்குப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொருத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும், பிளஸ் டூ இயற்பியல் கஷ்டமான வேலைப் பட்டியலில்தான் வரும்.

தேர்வுக்கு முதல்நாள் வயிறு கலக்குவது இயல்பு. வாரக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, போனில் பேச்சே இல்லை என்றால் மார்க்கை ஓரம் கட்டிவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். 'செத்துடலாம் போல இருக்கு' என்று ஒருமுறை சொன்னாலும் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விடாதீர்கள். 14416 (டெலிமானஸ்) இலவச எண், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டு சுகாதார உதவி எண் 104-உம் இருக்கிறது.

மனசு டென்ஷனானால் தோள்பட்டை ஏன் இறுகுகிறது? தளர்த்த ஏதாவது வழி உண்டா?

கேனன் சொன்ன அந்தத் தயார்நிலைதான். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தசை முறுக்கேறி நிற்கிறது. சண்டையும் நடப்பதில்லை, ஓடுவதும் இல்லை. முறுக்கு மட்டும் மிச்சம்.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் ஒரு முறையை உருவாக்கினார். இப்போது சொல்லித்தரும் சுருக்கமான வடிவம் இது: வலது கையை நன்றாக மூடி இறுக்குங்கள், ஐந்தாறு நொடி. அந்த இறுக்கம் முன்னங்கையில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். சட்டென்று விடுங்கள். அரை நிமிடம் அந்தக் கையை மட்டும் கவனித்துக்கொண்டு சும்மா இருங்கள். அப்புறம் இடது கை, தோள், முகம், தாடை, வயிறு, கால் என்று போக வேண்டும். தோளைக் காதுவரை தூக்கி விடும்போதுதான் பலருக்கு, அதுவரை அது பாதி தூக்கியபடியே இருந்தது தெரியவரும். படுக்கையில் செய்தால் பாதியில் தூங்கிப்போவார்கள், அதிலொன்றும் தப்பில்லை. சுளுக்கு, தசைப்பிடிப்பு உள்ள இடத்தை மட்டும் இறுக்க வேண்டாம்.

செய்யாமல் பாக்கி வைத்த வேலையெல்லாம் ராத்திரி படுத்ததும் வரிசையாக ஞாபகம் வருகிறதே?

கர்ட் லெவின் என்ற உளவியலாளர் இதைத்தான் டென்ஷன் என்றார்: ஒன்றைச் செய்ய நினைத்ததும் மனசில் ஓர் இழுப்பு உண்டாகும், முடித்தால்தான் தளரும். அவர் மாணவி புளூமா ஸைகார்னிக், பாதியில் நிறுத்திய வேலைதான் கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று 1927-இல் எழுதினார். பிறகு செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது அப்படியே வரவில்லை. ஆனால் எந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று எழுதி வைத்துவிட்டால் அரிப்பு குறைகிறது என்பதற்கு 2011-இல் வந்த ஓர் ஆய்வு ஆதரவாக இருக்கிறது. நூல்காரர் பாக்கிக்குத் தேதி குறித்துவிட்டுப் படுங்கள். பணம் வராது, தூக்கம் வரலாம்.

எப்போது இது வியாதி?

அடக்க முடியாத கவலை பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்கு மேல். கூடவே தசை இறுக்கம், களைப்பு, எரிச்சல், தூக்கக் கேடு, நிலைகொள்ளாமை, கவனம் சிதறுவது இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் பொதுப் பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு. நம் பக்கத்து ஆண்கள் பயம், அழுகை, வெறுமை எதையும் அந்தப் பேரில் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் 'ஒரே டென்ஷனுங்க' என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என் மனைவி அதைக் கேட்டால் முதலில் பட்டை கட்டுவார், அப்புறம் 'ராத்திரி தூங்கறீங்களா?' என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்குத்தான் ஆள் நின்று பதில் சொல்வார்.

மாத்திரை போட்டு 120/80-க்கு வந்துவிட்டது. மனசும் லேசாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். அந்த 120/80 மாத்திரையோடு சேர்ந்த எண். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் பழையபடிக்கும் மேலே எகிறும். எடையும் உப்பும் குறைந்திருந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கம்பங்கூழ் நல்லதுதான், தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயும் ஊறுகாயும்தான் கணக்கை முடித்துவிடுகின்றன. உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக் வகை மாத்திரையும் பிரஷரை ஏற்றும். அடுத்த தடவை சீட்டு எழுதும்போது அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.